கண்ணாடியில் வெள்ளைப் புழு, அடியில் படுத்த கோல்டு ஃபிஷ்: மருந்து ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடி நீளத் தொட்டி, வைத்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு கோல்டு ஃபிஷ், ஆறு கப்பி மீன். ஒரு வாரமாகக் கண்ணாடியில் வெள்ளை நூல் போலப் புழுக்கள் நெளிகின்றன. இரண்டு நாளாகப் பெரிய கோல்டு ஃபிஷ் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் படுத்திருக்கிறது, தீனியைத் தொடவில்லை, வெள்ளையாக நூல் போலக் கழிக்கிறது. கடையில் ஒரு நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தரும் பூச்சி மாத்திரை வீட்டில் ஒன்று இருக்கிறது, அதைக் கரைத்து ஊற்றலாமா என்பது அவர் கேள்வி. இந்தப் புழு பிள்ளைகளுக்கும் தொற்றுமா என்று அவருடைய அம்மா பயப்படுகிறார்.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி, மாத்திரையை ஊற்ற வேண்டாம். நீல மருந்தையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். தீனியை இன்றே நிறுத்துங்கள். ஏர் பம்ப்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். மூன்று மாதமாகத் தண்ணீரே மாற்றவில்லை என்றால், கீழே தண்ணீர் மாற்றுவது பற்றிச் சொல்லியிருப்பதை முதலில் படியுங்கள். மாற்றி வந்திருந்தால், தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை, கல்லுக்கு அடியில் இருக்கும் அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் போன தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் போதும்.

புழுவும் நோய்ப்பட்ட மீனும் ஒரே தொட்டியில் தெரியும்போது, புழுதான் மீனைக் கெடுத்தது என்று நினைப்பது இயல்பு. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கல்லுக்கு அடியில் தேங்கிய கழிவும் மிச்சத் தீனியும், அதோடு சேர்ந்த இந்தக் கத்திரி வெயிலும். அந்தக் கழிவைத் தின்று புழு பெருகியிருக்கிறது. அதே கழிவு அழுகித் தண்ணீரை விஷமாக்கியதால் மீன் படுத்திருக்கிறது. புழுவை மட்டும் கொன்றால் அந்த நூற்றுக்கணக்கான புழுக்களும் செத்து அழுகும். ஏற்கெனவே கெட்டிருக்கும் தண்ணீர் ஒரே இரவில் இன்னும் கெடும். "பூச்சி மருந்து போட்டேன், மறுநாள் எல்லா மீனும் செத்துவிட்டது" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆனாலும் புழு எது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில புழுக்களுக்கு உண்மையிலேயே மருந்து வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். செல்போன் கேமராவில் பெரிதாக்கி ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தலைமுடி போல மெல்லியதாக, உருண்டையாக, தண்ணீரில் பாம்பு போல வளைந்து வளைந்து நெளிந்தால் அது கழிவு தின்னும் புழு. மண்புழுவுக்குத் தூரத்து உறவு. கிட்டத்தட்ட எல்லாத் தொட்டியிலும் கல்லுக்குள் இது இருக்கும், நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். மீனை அது ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் கப்பிகள் அதைப் பிடித்துத் தின்னும். அது கல்லை விட்டு வெளியே வந்து கண்ணாடியில் ஏறுகிறது என்றால், ஒன்று உள்ளே தீனி மிக அதிகம், அல்லது கல்லுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. இதை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிறதா? தட்டையாக இருந்து, தலை அம்பு முனை போல முக்கோணமாக, இரண்டு புள்ளிக் கண்களோடு தெரிந்தால் அது பிளனேரியா. பெரிய மீனுக்கு ஆபத்தில்லை. முட்டைக்கும் இறால் வளர்ப்பவர்களுக்கும்தான் தொல்லை. அதைத் துண்டாக நசுக்கினால் ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளரும், அதனால் கண்ணாடியில் வைத்துத் தேய்க்காதீர்கள். அதே போல வழுக்கிப் போகும், ஆனால் முக்கோணத் தலை இல்லாத, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. அவற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நுனியில் நாலைந்து கைகளை விரித்திருந்தால் அது ஹைட்ரா. புதிதாகப் பிறந்த கப்பிக் குஞ்சுகளைக் குத்திப் பிடிக்கும், பெரிய மீனிடம் அதன் பாச்சா பலிக்காது.

அட்டை வந்திருந்தால் கதை வேறு. இரண்டு முனையிலும் ஒட்டிக்கொண்டு, உடலை நீட்டிச் சுருக்கி நடக்கும். கழிஞ்சூர் ஏரி, ஓட்டேரி பக்கமெல்லாம் போய்ப் பாசிச்செடி பிடுங்கி வந்து தொட்டியில் நடும் பழக்கம் நம் ஊரில் பிள்ளைகளுக்கு உண்டு. அதோடு அட்டை, நத்தை முட்டை, தும்பிப் புழு எல்லாம் வந்துவிடும். தும்பிப் புழு ஒன்று போதும், கப்பிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும். ஏரிச் செடி வேண்டும் என்றால் ஒரு பக்கெட்டில் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும்.

இப்போது மீன் உடம்பில் வாழும் புழுக்களுக்கு வருகிறேன். மருந்து தேவைப்படுவது இங்கேதான். கண்ணாடியில் நெளிபவை இந்த வகை அல்ல. இவற்றை மீனின் மேல்தான் தேட வேண்டும்.

உங்கள் கப்பிகளின் மலத்துவாரத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கிருந்து சிவப்பாக மெல்லிய முட்கள் போல இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருந்து, மீன் அசையாமல் நிற்கும்போது வெளியே வந்து, அசைந்தால் உள்ளே இழுத்துக்கொண்டால் அது கமல்லானஸ் என்ற குடற்புழு. கப்பி, மோலி வகைகளில் அதிகம் காணப்படுவது. குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். குட்டி போடும் புழு இது, முட்டைக்காகக் காத்திருக்காது, தொட்டிக்குள்ளேயே மீனுக்கு மீன் பரவும். இது இருந்தால் ஒரு மீனுக்கு மட்டும் மருந்து கொடுப்பதில் பயனில்லை, தொட்டி முழுவதற்கும் கொடுக்க வேண்டும். இதற்குச் சரியான மருந்து லெவாமிசோல். மருந்துச் சத்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் போட்டு, விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி 24 மணி நேரம் விட வேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும். இது புழுவைச் செயலிழக்க வைக்குமே தவிர உடனே கொல்லாது. அதனால் மறுநாள் கல்லை நன்றாக உறிஞ்சி, விழுந்த புழுக்களை வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் சிகிச்சையின் முக்கியமான பகுதி. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை செய்ய வேண்டும். லெவாமிசோல் ஆடு மாடுகளுக்கான மருந்தாகக் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். மில்லி ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பாட்டிலின் மேல் அச்சிட்டதைப் படித்துக் கணக்குப் போடுங்கள், கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

கணக்கு என்றதும் தொட்டியின் கொள்ளளவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மருந்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். உங்கள் இரண்டடித் தொட்டி ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 60, 30, 30 பெருக்கி 54 லிட்டர். ஆனால் தண்ணீர் விளிம்பு வரை இருக்காது, 25 சென்டிமீட்டர்தான் நிற்கும் என்றால் 45. கல்லும் பொம்மையும் பிடித்த இடம் போக 40 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். 54 என்று நினைத்து மருந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடும்.

கோல்டு ஃபிஷ்ஷின் மேல் சின்னக் குச்சி போல ஒன்று குத்தி நின்று, அடியில் சிவந்த புண் தெரிகிறதா என்றும் பாருங்கள். அதை நங்கூரப் புழு என்பார்கள். அது உண்மையில் இறால், நண்டுக்கு உறவான ஓர் ஒட்டுண்ணி. தலையை நங்கூரம் போலச் சதைக்குள் புதைத்து, வெளியே தெரியும் வால் நுனியில் இரண்டு முட்டைப் பைகளைத் தொங்கவிட்டிருக்கும். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அடியோடு பிடித்து மெதுவாக இழுத்து, புண்ணில் பஞ்சால் போவிடோன் அயோடின் ஒரு சொட்டு தடவி உடனே தண்ணீரில் விட வேண்டும். செவுளில் அயோடின் படக்கூடாது. பிடுங்கியதோடு முடிந்துவிடாது. அதன் குஞ்சுகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும், அவற்றுக்கு டிஃப்ளூபென்சுரான் போன்ற மருந்து தொட்டிக்கே போட வேண்டும். வெயில் காலத்தில் அதன் வாழ்க்கைச் சுற்று வேகமாக ஓடும் என்பதால் சில வாரங்கள் தொடர்ந்து கண் வைத்திருங்கள்.

கண்ணுக்கே தெரியாத இன்னொன்று உண்டு: தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப் புழு. மீன் கல்லிலும் ஃபில்டரிலும் உடம்பை உரசிக்கொண்டு சட்டெனத் திரும்பும், ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி மூச்சு விடும், தோலில் சாம்பல் நிறப் படலம் வரும். இதற்கு பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம், உங்கள் தொட்டிக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம். செவுளில் வாழும் வகை முட்டையிடும், முட்டையை மருந்து கொல்லாது, அதனால் ஒரு வாரத்தில் மறுபடி போட வேண்டும். நாய்க்குத் தரும் மாத்திரைகளில் இதோடு வேறு இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். அதைத் தொட்டியில் கரைக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட பூச்சி மாத்திரை ஆல்பென்டசோல், 400 மில்லிகிராம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, மாவாக அடியில் படியும். எவ்வளவு மீனுக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டியில் போட வேண்டிய பொருளே அல்ல.

நீல மருந்து அநேகமாக மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும் முட்டைகளைக் காப்பதற்கும் நல்லது, தனி டப்பில் போட்டால் உதவும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். உங்கள் தொட்டிக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அந்த பாக்டீரியாதான். கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கான் நிரந்தரமாக நீலமாகிவிடும் என்பது இதோடு சேர்ந்த இன்னொரு நஷ்டம். கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மீன் சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் அவர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார். தண்ணீரைப் பரிசோதிக்காமல் எந்த மருந்தும் வாங்கக் கூடாது என்பதை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியாவாகும். ஃபில்டர் ஸ்பான்ஜில் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், நைட்ரேட்டை மீன் ஓரளவு வரை தாங்கும், தண்ணீர் மாற்றினால் அது போய்விடும். இந்த பாக்டீரியா நிலைகொள்ளவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீன் விட்டவர்கள் எல்லோரும் இந்தக் கண்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். மூன்று மாதத் தொட்டியில் அது தாண்டியிருக்க வேண்டும். ஆனால் ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து கழுவியிருந்தால் குளோரினில் பாக்டீரியா செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும். அப்படிக் கழுவினீர்களா? இரவில் சத்தம் கேட்கிறதென்று ஃபில்டரை அணைப்பீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ஸ்பான்ஜை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

நம் ஊருக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அம்மோனியா முழுவதும் ஒரே அளவு விஷமாக இருப்பதில்லை. பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 இருக்கும் தண்ணீரில் 25 டிகிரியில் அதில் அரை சதவீதம் அளவுதான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. வெப்பம் 30 டிகிரிக்குப் போனால் 7 சதவீதத்துக்கும் மேல். வேலூரில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், பி.எச். 8ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது வீட்டுக்குள் தொட்டி 32, 33க்குச் சுலபமாக வந்துவிடும். ஊட்டியில் ஒருவர் அதே அழுக்கோடு தொட்டி வைத்திருந்தால் மீன் தாங்கிவிடும், நம் சத்துவாச்சாரியில் தாங்காது.

வெப்பத்தோடு ஆக்சிஜனும் குறைகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7க்குச் சற்று மேல்தான். அதே வெயிலில் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் தேவையோ கூடிப் போகிறது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்குச் சுகம். கப்பிக்கு நம் வெயில் பெரிய பொருட்டில்லை. உங்கள் தொட்டியில் கப்பி நன்றாக இருந்து கோல்டு ஃபிஷ் மட்டும் படுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உண்மையைச் சொன்னால் 40 லிட்டரில் இரண்டு கோல்டு ஃபிஷ் என்பது அதிகம். அவை வளர்ந்து உள்ளங்கை அளவுக்கு வரும் மீன்கள், தின்பதும் கழிப்பதும் மிக அதிகம். இப்போதைக்கு நான் சொல்லும் வழியில் காப்பாற்றுங்கள், ஆனால் கொஞ்ச நாளில் மூன்றடித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இதே கேள்வி மறுபடி வரும்.

கடையில் சொட்டு ஊற்றிப் பார்க்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் கிடைத்தால் வாங்குங்கள். மருந்துக்குச் செலவழிப்பதை இதில் செலவழிக்கலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். நிறம் கொஞ்சம் மாறினாலே மீனுக்கு வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மாற்றுவதில் சில நுணுக்கம். வாரம் பத்து நாள் என்று மாற்றி வந்திருந்தால் இன்று மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் நாலைந்து நாளுக்குத் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். மூன்று மாதமாக ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால் நிதானம் வேண்டும். பழைய தண்ணீரின் பி.எச். இறங்கி, அம்மோனியா கொடியதாகாத வடிவில் சேர்ந்திருக்கும். அதில் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதி ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் விஷமாக மாறும். அந்த நிலையில் காலையில் கால் பங்கின் பாதி, மாலையில் அதே அளவு என்று மெல்லப் போக வேண்டும். மாடித் தொட்டியில் மதியம் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதை நேராக ஊற்றிவிடாதீர்கள். விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரை, தொட்டித் தண்ணீரோடு சூடு ஒத்துப் போகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் குழாய் நுனியில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு ஒரு நாள் வைக்க வேண்டும், அல்லது கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு அளவோடு போட வேண்டும்.

போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேட்டால், உங்கள் பக்கத்தில் எது சீராக வருகிறதோ அது. அடிக்கடி மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் கெடுதல். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்டதும், அது தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே. உப்பு மிகுந்த கிணறுகள் இன்னமும் உண்டு. அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவதும் சரியில்லை. அதில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். நிலையாக நிற்காது. பாதிக்குப் பாதி கலந்தால் போதும். கப்பிக்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் கொஞ்சம் கடினத் தண்ணீர் பிடிக்கும்.

கல்லைச் சுத்தம் செய்வதற்கு மொத்தத் தொட்டியையும் காலி செய்யாதீர்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையில் அடி வெட்டிய சிறிய பிளாஸ்டிக் பாட்டிலைச் செருகினால் உறிஞ்சு குழாய் தயார். கல்லுக்குள் குத்தி, பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை வைத்து, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரு நாளில் தொட்டியின் மூன்றில் ஒரு பகுதிக் கல் போதும். இப்படி இரண்டு வாரம் செய்து, தீனியைக் குறைத்தால் கண்ணாடிப் புழு எந்த மருந்தும் இல்லாமல் தானே கீழே இறங்கிவிடும். ஒருவேளை அப்போதும் குறையவில்லை என்றால் கல்லின் உயரம் அதிகம் என்று அர்த்தம். ஒரு அங்குலத்துக்கு மேல் கல் தேவையில்லை.

வெயிலுக்கு, தொட்டியின் மூடியைத் திறந்து டேபிள் ஃபேன் காற்றைத் தண்ணீர் மேல் படும்படி வையுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் குறைவதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், சட்டென்று சூடு மாறினால் நோய்ப்பட்ட மீனுக்கு அது இன்னொரு அடி. மின்தடை நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இனி அந்தப் பெரிய கோல்டு ஃபிஷ். வெள்ளையாக நூல் போலக் கழிப்பது பெரும்பாலும் குடல் காலி என்பதைக் காட்டுவது. தின்னாத மீனுக்கு உள்ளிருந்து வழுவழுப்பான சளிதான் வரும். அதை வைத்து மட்டும் குடற்புழு என்று முடிவுகட்ட முடியாது. முதல் இரண்டு நாள் தண்ணீரைச் சரி செய்து, தொட்டியிலேயே விட்டுப் பாருங்கள். துடுப்பை விரித்து மேலே வந்தால் நல்ல சகுனம்.

முன்னேற்றம் இல்லை என்றால் ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், சோப்பு படாத டப்பாக இருக்க வேண்டும், தொட்டியின் தண்ணீரையே ஊற்றி ஏர் ஸ்டோன் போட்டு மீனைத் தனியாக வையுங்கள். சாதாரணக் கல் உப்பு போதும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் முதல் நாள் 20 கிராம், கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். மறுநாள் இன்னொரு 20, மூன்றாம் நாள் இன்னொரு 20. லிட்டருக்கு 3 கிராமில் நிறுத்திவிடுங்கள். மீனின் உடம்பு உப்பைத் தக்கவைக்கப் படும் பாடு இதனால் குறையும், நைட்ரைட் விஷம் செவுள் வழியே ஏறுவதையும் இது தடுக்கும். உப்பு ஆவியாகாது என்பதை மறக்காதீர்கள். டப்பில் தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பைச் சேர்க்க வேண்டும். டப்பில் ஃபில்டர் இல்லாததால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். செடி உள்ள தொட்டியில் இந்த உப்பைப் போடாதீர்கள், செடி கருகிவிடும்.

மூன்று நாள் பட்டினி கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஒரு கஷ்டமே இல்லை. அப்புறம் பச்சைப் பட்டாணி ஒன்றை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிச் சின்னத் துணுக்காகக் கொடுங்கள். தின்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தின்ன ஆரம்பித்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வெள்ளை நூலாகவே கழித்து, முதுகு மெலிந்து போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று அப்போது சந்தேகப்படலாம். அது புழுவாகவும் இருக்கலாம், மெட்ரோனிடசோல் தேவைப்படும் நுண்ணுயிராகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதுதான் நேர்வழி. புதிதாகக் கழித்ததை, ஒரு சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரோடு எடுத்துப் போக வேண்டும்.

செதில்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு, வயிறு ஊதி, மேலிருந்து பார்த்தால் முள் முள்ளாகத் தெரிந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீளும் மீன் மிகக் குறைவு. உப்புத் தண்ணீரும் அமைதியும் கொடுத்துப் பாருங்கள், ஆனால் கடை கடையாக மருந்து வாங்கி ஊற்றி அதை வதைக்க வேண்டாம். எது நடந்தாலும் நோய்ப்பட்ட மீனைப் பாலாற்றுக் குட்டையிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அதன் நோயும் ஒட்டுண்ணியும் அங்குள்ள மீன்களுக்குப் போகும்.

இனி தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். இந்த வெயிலில் வாரம் ஒரு நாள் பட்டினி போடலாம். வீட்டில் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுவது நம் வீடுகளில் சகஜம், தாத்தா பாட்டி வரை எல்லோருக்கும் ஆசைதான். யார் போடுவது என்று ஒருவரை முடிவு செய்துவிடுங்கள். கடையில் விற்கும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் சிவப்புப் புழு வாங்கிப் போட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோய்க் கிருமியையும் கூட்டிக்கொண்டு வரும். கல்லுக்குள் புகுந்துவிட்டால் அங்கேயே தங்கவும் செய்யும். அதற்குப் பதில் உலர்த்தியதோ உறைய வைத்ததோ நல்லது.

நம் வேலூர்க் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்து வருகிறது. பல பண்ணை மீன்கள் ஒரே பையில் கலந்து, பல மணி நேரம் பயணப்பட்டு, கடைத் தொட்டியில் மறுபடி கலக்கின்றன. அடுத்த முறை மீன் வாங்கும்போது, அதே 20 லிட்டர் டப்பில் மூன்று வாரம் தனியாக வைத்து, உரசுகிறதா, மலத்துவாரத்தில் சிவப்பு தெரிகிறதா, புண் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் சேருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கண்ணாடியில் நெளியும் புழு பிள்ளைகள் வயிற்றில் வளராது, கமல்லானஸும் நங்கூரப் புழுவும் மீனோடு நிற்பவை. தொட்டி வைத்திருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. நோய்ப்பட்ட மீன் தொட்டியில் காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பாக்டீரியா இருக்கலாம், கையில் வெட்டோ கீறலோ இருந்தால் அதன் வழியே தோலில் புகுந்து, சில வாரம் கழித்து ஆறாத கட்டியாக வரும். அப்படி ஒன்று வந்தால் தோல் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். கையில் காயம் இருக்கும் அன்று தொட்டிக்குள் கை விட வேண்டாம், அல்லது உறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உறிஞ்சு குழாயை வாய் வைத்து இழுக்காதீர்கள், குழாய் முழுவதும் தண்ணீரை நிரப்பி ஒரு முனையை விரலால் மூடிக் கீழே இறக்கினாலே தண்ணீர் ஓடும். தொட்டிக்கென்று ஒரு பக்கெட், ஒரு மக்கு தனியாக இருக்கட்டும், அதைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.